சம்பந்தியின் வைனும் குப்பை வாளியும்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமை பேசித் திரிந்தவள். மீன் பழசு என்றால் கடை வாசலிலேயே சொல்லிவிடுவேன். அந்த மூக்குத்தான் ஒரு நாள் என் கடைசி மகளின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். கடைக்குட்டி வதனி, தன்னோடு வேலை செய்த பிரெஞ்சுப் பெடியன் லூக்கைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு நான் ஓம் என்றேன். இனி அவனுடைய தகப்பன் ஓம் சொல்ல வேண்டும். அவருக்கும் அரை மனம்தானாம். பிரான்சில் அல்சாஸ் என்ற இடத்தில் திராட்சைத் தோட்டம் வைத்து வைன் செய்கிறவர். எங்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல ரயிலும் கப்பலும் ஏறி வந்தார்.

வீட்டில் எங்கள் மணம் எதுவும் வரக்கூடாது என்று மூன்று நாள் பாடுபட்டேன். கருவாட்டை பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்வளவு ஷெட்டுக்குள் ஒளித்தேன். சாம்பிராணி போட்டேன் (கொஞ்சம் கூடிப்போய்ப் புகை அலாரம் கத்தியது). மிளகாய்த்தூள் இல்லாமல் ஒரு கோழிக்கறி வைத்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அதைவிட ருசி.

லூக்கின் தகப்பன் வந்து, நீளக் கழுத்துப் போத்தல் இரண்டும் ஒரு காகிதப் பொதியும் என் கையில் தந்தார். குசினியில் பொதியை அவிழ்த்தேன். ஐயோ! செம்மஞ்சளாய், பிசுபிசுவென்று ஒரு சீஸ். காலில் போட்டு நனைந்த சப்பாத்துக்குள் சூடை மீனை வைத்து ஒரு கிழமை மறந்துவிட்ட மணம். பாவம், வரும் வழியில் பழுதாகிவிட்டது, தெரிந்தால் மனிசன் வெட்கப்படுவார் என்று, சத்தம் போடாமல் கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டு வெங்காயத் தோலால் மூடினேன். ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றிய பெருமையோடு கதிரையில் வந்து இருந்தேன்.

அவர் போத்தலைத் திறந்தார். ரோசாப்பூ மணம் எழும்பியது. ஊற்றிவிட்டு மகனிடம் ஏதோ கேட்டார். லூக் வதனியிடம் கேட்டான். வதனி என்னிடம் கேட்டாள்.

"அம்மா, அந்தச் சீஸ் எங்கை? இந்த வைனோடை அதைத்தான் சீரகம் தூவிச் சாப்பிடுறவையாம்."

"அது பழுதாப்போச்சுப் பிள்ளை. நான் எறிஞ்சுபோட்டன்."

"எறிஞ்சியளோ? அதின்ரை மணமே அப்பிடித்தான் அம்மா! அவரின்ரை தாய் தன்ரை கையாலை செய்து குடுத்துவிட்டது!"

லூக் தயங்கித் தயங்கித் தகப்பனுக்குச் சொன்னான். மனிசன் கிளாசை மேசையில் வைத்துவிட்டு, வெளிறிப்போன என் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீஸை மட்டுமோ? என்ரை கலியாணத்தையும் சேர்த்தெல்லோ எறிஞ்சுபோட்டியள்!" வதனி அழத் தொடங்கினாள்.

எனக்கு ரோசம் வந்தது.

"நாறுறதுதான் வேணுமெண்டால் எங்களிட்டையும் கிடக்கெண்டு சொல்லு. பத்து நிமிசம் இருக்கச் சொல்லு!"

ஷெட்டுக்கு ஓடினேன். கருவாட்டைச் செத்தல் மிளகாயும் சீரகமும் போட்டுப் பொரித்தேன். மூன்று நாள் சாம்பிராணி மூன்று நிமிடத்தில் தோற்றது. மனிசன் தானாகவே எழும்பிக் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு துண்டு கடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வைனில் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலும் ஒரு கிளாசைத் தந்தார். (மறுத்தால் கலியாணம் நின்றுவிடும் என்றுதான் குடித்தேன்.) கருவாட்டின் உறைப்பை அணைத்துக்கொண்டு அது குளிர்ந்து இறங்கியது. அந்த வைனின் பெயரைச் சொல்லத்தான் என் நாக்கு இன்றுவரை வளையவில்லை.

போகும்போது சம்மதத்தைச் சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்றைக்கும் பிரிஜ்ஜுக்குள் ஏதாவது நாறினால், "எறியாதேங்கோ, முதலிலை சம்பந்தியைக் கேளுங்கோ" என்றுதான் என் பிள்ளைகள் சொல்வார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் வதனியின் மகள். எங்கை பிள்ளை, ஒருக்கா வாசி பாப்பம். நீ சிரிச்ச இடத்திலை என்ன எழுதினனீ எண்டு எனக்குத் தெரியவேணும்.