பொருள் என்றால் சரக்கு

"கண்ணாடிய வண்டியிலயே உட்டுட்டு வந்துட்டேன் சாமி. நீயே படி" என்று படிவத்தை மகளிடம் நீட்டினார் அர்த்தநாரி.

அபிநயாவுக்கு உயிர் வந்தது. படிவத்தின் தலையில் 'மொழியியல் துறை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டாள்.

அர்த்தநாரிக்கு நாமக்கல்லில் ஆறு லாரி. லிங்விஸ்டிக்ஸ் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்ன அன்று, பட்டறையில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "லாஜிஸ்டிக்ஸா! அட, நம்ம தொழிலு!" என்று பூரித்துப்போய் பட்டறைக்கே டீ சொல்லிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அபிநயாவுக்கு மனம் வரவில்லை. சேலத்தில் இருக்கும் இந்தக் கல்லூரிக்குத் தனியாக வந்து சேர்ந்துவிடலாம் என்றிருந்தாள். இன்று அவரே காரை எடுத்துவிட்டார்.

"மூணு பாடம் எடுக்கணுங்கப்பா. மொதல்ல பொருண்மையியல்."

"பொருளா? சரக்குத்தானே! டிக் போடு."

அது சொல்லின் பொருளைப் பற்றிய பாடம். தப்பித்தோம் என்று டிக் போட்டாள்.

"அடுத்தது தொடரியல். இது வேண்டாங்கப்பா, ரொம்பக் கஷ்டம்."

"தொடர்னா ட்ரெய்லரு! நாமக்கல்லுல பொறந்துட்டு ட்ரெய்லருக்குப் பயப்படறதா? போடு டிக்கு."

போட்டாள். அடுத்து இருந்ததுதான் ஒலியியல். அதற்காகத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். எப்படியாவது அப்பாவுக்குப் பிடிக்க வைத்துவிட வேண்டும்.

"இது ஹாரனப் பத்தினதுங்கப்பா."

"ஹாரன் அடிக்கறதுக்கு ஒரு படிப்பா? கிளீனரே சொல்லிக் குடுப்பான். அடிச்சு உடு. அதுக்குக் கீழ என்ன?"

"கிளை…" என்று பாதியில் விழுங்கினாள். கிளைமொழியியல் என்று முழுதாகச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"கிளையா! சங்ககிரியில ஒரு கிளை போடணும்னு நானே நெனச்சுட்டிருக்கேன். போடு!"

மனசே இல்லாமல் ஒலியியலைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, கிளைமொழியியலுக்கு டிக் போட்டாள் அபிநயா.

கையெழுத்துப் போட பேராசிரியர் அன்புச்செல்வி வந்தார். "இந்த மூணையும் ஏம்மா எடுத்திருக்கே?"

அபிநயா வாய் திறப்பதற்குள் அர்த்தநாரி முந்திக்கொண்டார். "சரக்கும், ட்ரெய்லரும், கிளையும் இருந்தாத்தானுங்க மேடம் வண்டி ஓடும்?"

பேராசிரியர் விழித்தார்.

"அப்பா உவமையாச் சொல்றாருங்க மேடம்!" என்று பாய்ந்தாள் அபிநயா. "பொருளு சரக்கு. அதச் சுமந்துட்டுப் போற வண்டி தொடர்."

"அடடா!" அன்புச்செல்வியின் முகம் மலர்ந்தது. "இருபது வருஷமா நான் தேடிட்டிருந்த விளக்கம் சார் இது! வெள்ளிக்கிழமை மொழியியல் மன்றத் தொடக்க விழா. நீங்கதான் பேசணும்."

"அதுக்கென்னங்க, வாரேன்."

அபிநயாவுக்கு வியர்த்துவிட்டது. மைக்கைப் பிடித்து டீசல் விலையில் ஆரம்பிப்பாரே! அன்புச்செல்வி பேனாவைத் திறந்தார். கோடு விழுந்த ஒலியியல் அவள் கண்ணெதிரே கிடந்தது.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். "அப்பா, மன்னிச்சுக்கங்க. இது லாஜிஸ்டிக்ஸ் இல்லீங்கப்பா. லிங்விஸ்டிக்ஸ். மொழியப் பத்தின படிப்பு. எனக்கு ஹாரன்… ஒலியியல்தாங்கப்பா வேணும்."

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின.

"அப்பா, அழுவாதீங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள் அபிநயா. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

மூலை மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்த எழுத்தர் மயில்சாமி, புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அவரு எங்கம்மா அழுவறாரு, சிரிக்கறாரு! போன வாரமே எனக்குப் போன் போட்டு, 'எம் பொண்ணு எம் மூஞ்சியப் பாத்துட்டு லாஜிஸ்டிக்ஸ்ல சேந்துரப் போவுதுங்க, எப்பிடியாச்சும் புடிச்சு மொழியியல்லயே போட்டுருங்க'ன்னு சொன்னவராச்சே!"