பேச்சி மதினியின் ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்த நாள்

முழுப் பொய் சொல்கிறவர்கள் எப்படியோ தப்பித்துவிடுகிறார்கள். பாதி உண்மை சொல்கிறவர்கள்தான் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப்பெரிய பாதி உண்மையைக் காப்பாற்ற ஒரு ஃபிரிட்ஜும், அதைத் தூக்க நாலு ஆம்பளைகளும் தேவைப்பட்டார்கள். அந்த ஃபிரிட்ஜ் நடுத்தெருவில் வைத்து என் மானத்தை வாங்கியது. இன்றைக்கு எனக்குச் சம்பளம் வருவதும் அதனால்தான். எப்படி என்று சொல்கிறேன்.

அப்போது நான் போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்சில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். இருட்டோடு ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் போனால், பொழுது சாயும்போதுதான் இறங்கி வருவாள். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். (கைக்குட்டையை எடுக்காதீர்கள், இது அழுகிற கட்டுரை இல்லை.)

முதல் பருவத் தேர்வில் நான் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். எனக்குத் தலைக்கனம் ஏற அதுவே போதுமாக இருந்தது. போதாக்குறைக்கு அறிவிப்புப் பலகையில் என் பெயரையும் ஒட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் 'மாணவர் வெற்றி மற்றும் நிதியுதவிப் பிரிவு' என்று ஒன்று உண்டு. எந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, எது பாதியில் நின்றுபோகிறது என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. நன்றாகப் படித்தும் வீட்டில் வசதியில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பு முடிகிறவரை கட்டணத்தையும் பஸ் செலவையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து நிலைமையை நேரில் பார்ப்பார்கள். நான் விண்ணப்பித்திருந்தேன். பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த உதவி கிடைக்கவில்லையென்றால் அடுத்த பருவத்தில் ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட வேண்டியதுதான். அம்மா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ராத்திரி அவள் பெருமூச்சு விடுகிற விதத்திலேயே எனக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு தெரிந்த பெண் ஊரில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது. எதிர்வீட்டுப் பேச்சி மதினி குழாயடியில், "என்னத்தா, மொகம் இப்படி மின்னுது?" என்று கேட்டாள்.

"வெற்றிப் பிரிவுலருந்து வீட்டுக்கு வர்றாக மதினி. ஃபர்ஸ்ட் மார்க்கு எடுத்தவ வீட்டைப் பாக்கணுமாம்."

நிதியுதவி என்கிற வார்த்தை என் தொண்டைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இலவசச் சீருடைக்கு என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோதெல்லாம் எனக்குக் காது சுட்டிருக்கிறது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் பெயரில் முதல் பாதியை மட்டும் சொல்லி, இரண்டாம் பாதியை விழுங்கினேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். என்ன கொழுப்பு பாருங்கள் எனக்கு!

அம்மா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். "யூனிவர்சிட்டியே நம்ம வீட்டுக்கு வருதா? அவுகளை எதுலடி ஒக்கார வைக்கிறது? இருக்குற ஒத்த சேர்லயும் ஒரு கால் ஆடுது!"

"நா எதுக்குக்கா எதிர்வீட்டுல இருக்கேன்?" என்றாள், வாசலில் வந்து நின்ற பேச்சி மதினி. அவள் புருஷன் ராசு அண்ணன்தான் அம்மா போகிற ஜீப்பின் டிரைவர். மதினி ஒரு காரியத்தில் இறங்கினால் தெருவே இறங்க வேண்டும்.

அவர்கள் வருகிற அன்று அம்மா தோட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சலில்கூட லீவு போடாதவள் அன்று போட்டாள். காலையில் முதலில் சோபா வந்தது. பிறகு டி.வி. வந்தது. சுவர்க்கடிகாரமும், மேசை விரிப்பும், வேறு யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழும் வந்தன. கடைசியாக, தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த ராசு அண்ணன், "தள்ளு தள்ளு, வெரசா வா மாப்ளே, நெலையில இடிச்சிராத!" என்று கத்திக்கொண்டு வர, நாலு பேர் தோளில் மதினியின் ஃபிரிட்ஜ் வந்தது. புதுசு. மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட மதினி இன்னும் கிழிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக்குதான். அதை டி.வி.க்குக் கொடுத்துவிட்டதால் ஃபிரிட்ஜின் வயரைப் பின்னால் சுருட்டி மறைத்தார்கள். மேலே பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தார்கள். உள்ளே இருந்த சாமானை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு மதினியின் பட்டுச்சேலை, மதினியின் சங்கிலி. "அம்மா, அது வந்து..." என்று நான் உண்மையைத் தொடங்கினேன்.

"எது வந்தாலும் பொறவு பேசு. தலையை ஆட்டாம இரு, பின்னல் கோணுது."

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியை. இன்னொருவர் அலுவலகக் கண்காணிப்பாளர், கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு உலகத்தையே சந்தேகமாகப் பார்க்கிற மனிதர். வாசலில் கோலம், தட்டில் கேசரி, பட்டுச்சேலையில் நான். பேராசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு உன்னைப் பொண்ணு பார்க்க யாராச்சும் வர்றாங்களாம்மா? நாங்க வேணா இன்னொரு நாள் வர்றோம்" என்றார்.

"அய்யய்ய, ஒங்களுக்காகத்தேன்! ஒக்காருங்க டீச்சரம்மா. சோபாவுல ஒக்காருங்க" என்றாள் அம்மா. சோபா என்கிற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

கண்காணிப்பாளர் ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். டி.வி.யைப் பார்த்து எழுதினார். ஃபிரிட்ஜைப் பார்த்து எழுதினார். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"ஏம்மா, மகள் படிப்புச் செலவுக்கு ரொம்பச் சிரமப்படுறீங்களோ?"

"என்ன சிரமம் சார்? பெத்தவ செய்யாம யாரு செய்வா?"

"வீட்டுல ஏதும் குறை இருந்தா மறைக்காமச் சொல்லுங்க."

"ஒரு கொறையும் இல்லைங்க." அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "எம் மகளுக்கு நா எந்தக் கொறையும் வச்சதில்ல."

"அப்போ எங்ககிட்டருந்து உதவி எதுவும் வேண்டாமா?"

எனக்கு உயிரே போனது. லொக்கு லொக்கென்று இருமினேன். அம்மாவின் பக்கம் பார்த்துக் கண்ணை உருட்டினேன்.

"ஒதவியா! நீங்க எங்க வீட்டு வாசப்படி மிதிச்சீகளே, அதைவிட என்ன சார் வேணும்? ஒண்ணும் வேணாம்!" என்று கும்பிட்டாள். பிறகு என் இருமலைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குப் பொரை ஏறிருச்சு, ஜில்லுனு தண்ணி தர்றேன்" என்று எழுந்தாள்.

"வேணாம்மா!" என்று நான் அலறுவதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள்.

முந்தின நாள் மதினி அரைத்து வைத்த இட்லி மாவு, ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய, உள்ளே இருந்தது. கரண்டு இல்லாத பெட்டிக்குள், போடி வெயிலில், காலையிலிருந்து அது என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, தட்டுத் தட்டாக இறங்கி, கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் சொத்தென்று கண்காணிப்பாளரின் இரண்டு செருப்பிலும் விழுந்தது.

"சாரமில்ல சார், சாரமில்ல" என்று அம்மா துணியோடு குனிந்தாள். (தோட்டத்துக் கங்காணியிடம் பேசிப் பேசி ஒட்டிக்கொண்ட மலையாளம். பரவாயில்லை என்று அர்த்தம். மாவு யார் காலில் விழுந்ததோ அவர் சொல்ல வேண்டியது.)

"ஃபிரிட்ஜுக்குள்ள மாவு பொங்குமா?" என்றார் அவர்.

"புது மாடலுங்க" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் கேசரி சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது பேராசிரியை என் தோளைத் தட்டி, "உனக்குக் குடும்ப ஆதரவு நல்லா இருக்கு, சந்தோஷம். இந்த உதவி வேற யாராச்சும் கஷ்டப்படுற பிள்ளைக்குப் போகட்டும்" என்று காதோடு சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்திலும் தலையாட்டினேனே ஒழிய வாயைத் திறக்கவில்லை. என்னை அறைய அன்று யாரும் பக்கத்தில் இல்லாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

கார் தெருமுனை திரும்பியதும் ராசு அண்ணன் உள்ளே வந்தார். "ஒங்க மதினி கத்துறா, மீன் வாங்கியாச்சாம், பெட்டியைக் கொண்டான்னு. தூக்குங்கப்பா!" மறுபடி நாலு தோள். முன்னால் டி.வி. போனது, பின்னால் சோபா போனது, நடுவில் ஃபிரிட்ஜ் போனது. தெருவைப் பாதி கடந்திருக்கும், அந்தக் கார் திரும்பி வந்து எதிரே நின்றது.

கண்காணிப்பாளர் இறங்கினார். வெறுங்கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவரை நோக்கி ஒரு ஃபிரிட்ஜ் நடந்து வந்தது. அதன் உச்சியில், பூச்சாடிக்குப் பக்கத்தில், அவருடைய கண்ணாடி இருந்தது.

"அது என் கண்ணாடி" என்றார்.

"எடுத்துக்கங்க சார். நா கையை விட்டா பெட்டி விழுந்துரும்" என்றார் ராசு அண்ணன்.

பேராசிரியையும் இறங்கிவிட்டார். "இது இவங்க வீட்டு ஃபிரிட்ஜ் இல்லையா?"

"எங்களோடதுதேன் டீச்சர்!" மதினி தன் வாசலிலிருந்தே பெருமையாகக் கத்தினாள். "எங்க தெருப்புள்ளையோட வெற்றியைப் பாக்கப் பெரிய மனுசங்க வர்றாகன்னு ஒரு நா குடுத்தோம். சோபா கடைக்காரர் வீட்டுது, டி.வி. எங்க நாத்தனாருது!"

"போச்சு! வசதியான குடும்பம், நிதியுதவி தேவையில்லைன்னு எழுதிட்டேனே!" என்றார் கண்காணிப்பாளர்.

"என்ன நிதியுதவி?" என்றாள் அம்மா.

தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. ஃபிரிட்ஜைத் தூக்கியவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். மதினியின் சங்கிலியைப் பிடித்துத் திருகிக்கொண்டே, விழுங்கிய பாதியை நடுத்தெருவில் கக்கினேன். நான் எதற்கு வெட்கப்பட்டேனோ அதைத் தெருவே கேட்டது. சீருடைக்குப் பெயர் கூப்பிட்டபோது என் வகுப்பு மட்டும்தான் கேட்டது.

அம்மா முதலில் என் மண்டையில் நங்கென்று ஒரு கொட்டு வைத்தாள். "ஏண்டி, ஒதவி செய்ய வந்தவுககிட்டயா நா ஒண்ணும் வேணாம்னு கும்புட்டேன்?" பிறகு சேலையை உதறிச் செருகிக்கொண்டு பேராசிரியையிடம் திரும்பினாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அம்மா கெஞ்சவில்லை.

"டீச்சரம்மா, நாங்க ஏமாத்துற ஆளுக இல்ல. அப்ப பாத்தது எங்க தெருவோட வீடு. இப்ப எங்க வீட்டைக் காட்டுறேன், உள்ள வாங்க."

சோபாவைக் காட்டியபோது இருந்ததைவிட அதிகப் பெருமையோடு அம்மா காட்டினாள். "இது எங்க அடுப்பு. இது எங்க டிரங்குப் பெட்டி. இந்தச் சேர்ல ஒரு கால் ஆடும், ஆனா எங்களோடது." கடைசியில் பல்புக்குக் கீழே, நான் படிக்கிற மூலைக்குப் போனாள். டி.வி. நின்ற இடம் அது. நோட்டை மிச்சம் பிடிக்க நான் சுவரில் சாக்பீசால் கணக்குப் போடுவேன், டி.வி. அதை மறைத்திருந்தது. இப்போது மூலை முழுக்க வெள்ளையாக எண்கள்.

"செவரு வாடகைக்கு எடுத்தது. அதுல போட்ட கணக்கு எங்களோடது" என்றாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தார். அவரும் கணக்குப் பட்டதாரியாம், அப்புறம்தான் தெரிந்தது.

"மூணாவது வரியில குறி தப்பு" என்றார். "கழித்தல் வரணும்."

என் வெற்றியின் லட்சணம் இது! பூமி பிளந்தால் தேவலை என்று நின்றேன். அம்மா அசரவே இல்லை.

"அதைத் திருத்தத்தேன சார் அங்க அனுப்புறேன்! எல்லாம் சரியாப் போட்டா அவ எதுக்குப் படிக்கணும்?"

பேராசிரியை சிரித்துவிட்டார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, அந்த ஆடுகிற சேரில் உட்கார்ந்து, புதிதாக எழுதினார்.

படிப்பு முடிகிறவரை எனக்கு உதவி வந்தது. இன்று நான் அதே பல்கலைக்கழகத்தில், அதே பிரிவில் வேலை பார்க்கிறேன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், உதவி கிடைத்தவர்களில் யார் தேறினார்கள் என்று அளக்கிற வேலை எனக்கு. எங்கள் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை முழுசாக விசாரித்தாகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. "ஃபிரிட்ஜைத் திறந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

போன மாதம் ஒரு விண்ணப்பத்தை விசாரிக்க ராசிங்காபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓலை வேய்ந்த சின்ன வீடு. உள்ளே பாலிதீன் பிரிக்காத சோபா. விண்ணப்பித்திருந்த பெண்ணின் அம்மா நிமிர்ந்த முதுகோடு, "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்க" என்றார். நான் சோபாவில் உட்காராமல் மெல்லக் கேட்டேன்: "அக்கா, பக்கத்து வீட்டுக்காரவுக இப்ப தரையிலயா ஒக்காந்திருக்காக?" அந்த அம்மா ஒரு நொடி முறைத்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அது வந்து இறங்கிய அன்று அம்மா அதற்கு முன்னாலேயே நின்று, தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் திறந்து காட்டினாள். பேச்சி மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பெட்டி நல்லாத்தேன் இருக்கு. யார் வீட்டுதுக்கா?" என்று கேட்டாள்.

"எங்களோடதுதேன்டி!" என்றாள் அம்மா. "ஒனக்கு என்னைக்காச்சும் வேணும்னா சொல்லு. நாலு ஆளை மட்டும் அனுப்பு. உள்ள இருக்குற மாவை நா மொதல்லயே எடுத்து வச்சிர்றேன்."