பசுமைத் தந்தையின் பொன்னாடை

பூமியைக் காப்பாற்ற மதுரையில் ஒருவர் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தி, பூமிக்குத் தெரிவதற்கு முன்பே ஃப்ளெக்ஸில் வந்துவிட்டது. கே.புதூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் துணி டயப்பருமாக, மாடி உயரத்துக்குப் பாண்டிராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். காலடியில் ‘நெகிழியை ஒழிப்போம்’ என்ற முழக்கம் நெகிழியிலேயே அச்சாகியிருந்தது. அதைக் குறை என்று சொல்கிறவர்களுக்கு வியாபாரம் தெரியாது. பாண்டிராஜுக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதுதான் தொழில். எதிராளியை ஒழிக்கும் நோட்டீஸை எதிராளி முதுகிலேயே ஒட்டுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மகள் முத்துமீனா பிறந்த புதிதில், தூக்கிப் போடும் டயப்பர் ஒன்று மக்குவதற்குப் பல தலைமுறை ஆகும் என்று அவர் செல்போனில் படித்தார். அப்போதே சபதம் எடுத்தார். சபதத்தை அவர் எடுத்தார். துணியை மனைவி தமிழ்வாணி எடுத்தாள். இதற்குப் பெயர்தான் ‘இல்லறத்தில் வேலைப் பகிர்வு’.

தமிழ்வாணி மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். பேறுகால விடுப்பில் இருந்தாள். விடுப்பு என்றால் ஓய்வு என்று நினைத்துவிடக் கூடாது. துணியில் இருப்பதைக் கக்கூஸில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, வெந்நீரில் முக்கி, வெயிலில் காயப்போட்டு எடுத்தால், அதற்குள் அடுத்த வாளி தயாராகியிருக்கும். பாண்டிராஜ் இத்தனையையும் கூர்ந்து கவனித்தார். வாசலில் நின்றபடி, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கவனித்தார் என்றாலும், கவனிப்பு கவனிப்புதான். அதற்கு ‘ஆறு படிநிலைத் தூய்மை முறை’ என்று பெயர் வைத்து ‘துணிவழி இயக்கம்’ கண்டார்.

பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “உலகத்துல டயப்பர் ரெண்டே வகைதாங்க. ஒண்ணு தூக்கிப் போடுறது. இன்னொண்ணு துவைக்கிறது. நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டு ஒரு நிறுத்து நிறுத்துவார். எழுமலையிலும் கைதட்டினார்கள், அலங்காநல்லூரிலும் கைதட்டினார்கள். ‘பசுமைத் தந்தை’ என்ற பட்டமும் வந்தது. போகிற இடமெல்லாம் தோளில் ஒரு பச்சைப் பொன்னாடை விழுந்தது. ஓரத்தில் ஜரிகை, உள்ளே முழுக்க பாலியெஸ்டர்.

பொன்னாடை என்பது நம் பக்கத்தில் துணி அல்ல, செலாவணி. அதை உடுத்த முடியாது, தலை துவட்ட முடியாது. ஆகவே கைமாற்றுவார்கள். காலையில் ஒரு தோளில் ஏறியது, மாலையில் புதுக் கவருக்குள் புகுந்து வேறொரு தோளுக்குப் போகும். இயக்கத்திலும் இதே வழக்கம்தான். ‘மறுசுழற்சியை மேடையிலிருந்தே தொடங்குவோம்’ என்று தீர்மானம் போட்டவரே பாண்டிராஜ்தான்.

ஐப்பசி மழையோடு இயக்கத்தின் ஆண்டு விழா நெருங்கியது. ஓய்வுபெற்ற பேராசிரியர் பிச்சுமணி வந்து, பாண்டிராஜை மாநில அமைப்பாளராக அறிவிக்கப் போகிறார். அதற்குப் பிறகு திருச்சி, கோவை, சென்னை என்று மேடை மேடையாக ஏறலாம். அறிவிப்பு வருவதற்கு முன்பே அதற்கான ஃப்ளெக்ஸை அடித்துச் சுருட்டி வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்வாணியின் விடுப்பு முடிந்தது.

“திங்கக்கிழமை நான் ஸ்கூல்ல சேரணும்ங்க. துணியை யாரு பாக்குறது?”

“எந்தத் துணி?”

“நீங்க மைக்குல பேசுற துணி.”

பாண்டிராஜ் செல்போனைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

“பேசாம ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கிருவோம்” என்றாள் தமிழ்வாணி. “பகல்ல மட்டும் போடுவோம். நம்ம யாருக்கும் சொல்ல வேணாம்.”

“குப்பை வண்டிக்காரரு பாத்துட்டா?”

“பாத்தா என்ன?”

“அந்த வண்டிக்குப் பின்னாடி ஒட்டிருக்கிறதே என் போஸ்டர்தான், தமிழு.”

“அப்ப நீங்கதான் துவைக்கணும்.”

“துவைச்சாப் போச்சு. அதுல என்ன இருக்கு?”

“அதுல என்ன இருக்குன்னு திங்கக்கிழமை தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் புடவைக்கு இஸ்திரி போடப் போனாள்.

அந்த வாரம் கடையைப் பூட்டினார் பாண்டிராஜ். ‘தந்தைமையை முன்னிட்டுக் கடை விடுமுறை’ என்று வாசலில் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் கட்டினார். தமிழ்வாணி மேலூர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் முத்துமீனா தன் கடமையை ஆற்றினாள். பாண்டிராஜ் பொத்தானைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி மாட்டினார். முதல் படிநிலையைப் பற்றி அவர் பேசாத ஊர் இல்லை. ஆனால் பேச்சுக்கும் பொருளுக்கும் நடுவில் எம்புட்டுத் தூரம் என்பதை அன்றைக்குத்தான் மூக்கு அளந்து சொன்னது.

குழந்தையைக் கழுவிவிட்டார், அந்த மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். டயப்பரைச் சுருட்டினார், கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டார், அதை இன்னொரு கேரி பேக்கில் போட்டார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய், தன் போஸ்டர் ஒட்டாத ஒரு குப்பைத் தொட்டியாகப் பார்த்துச் சேர்த்தார். இவ்வாறாக, துவைக்கும் டயப்பரைத் தூக்கிப் போடும் டயப்பராக மாற்றும் தொழில்நுட்பம் மதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது.

மூத்திரத் துணிக்கு வேறு முறை வைத்திருந்தார். மூத்திரம்தானே, காய்ந்தால் சரியாகிவிடும் என்று அப்படியே கொடியில் போட்டார். மேலே மல்லிகை மணம் வீசும் ஸ்ப்ரேயை ஒரு சுற்று அடித்தார். இதற்கு அவர் வைத்த பெயர் ‘நீர் சிக்கன முறை’.

“துணி குறையுதே?” என்று கேட்டாள் தமிழ்வாணி, மறுநாள் சாயங்காலம்.

“காத்துல பறந்திருச்சு.”

“மழைக்குள்ள ஏதுங்க காத்து?”

“மழைக்கு முன்னாடி அடிச்சுச்சுல்ல, அந்தக் காத்து.”

புதன்கிழமை கையிருப்பு தீர்ந்தது. பாதி குப்பைக்குப் போயிருந்தது, மீதி கொடியில் ஈரமாகத் தொங்கியது. முத்துமீனா வெறும் இடுப்போடு வீட்டைச் சுற்றி வந்து கண்ட இடத்தில் உட்காரப் பார்த்தாள். பாண்டிராஜ் பீரோவைத் திறந்தார். பச்சைப் பசேலென்று அவருடைய புகழ் அடுக்கி வைத்திருந்தது.

ஒரு பொன்னாடையை எடுத்து மடித்து மகளுக்குக் கட்டினார். பொன்னாடைக்கு ஈரத்தை உறிஞ்சிப் பழக்கமில்லை. வந்த ஈரத்தை மரியாதையோடு அது வழியனுப்பி வைத்தது. அவருடைய கைலி வரவேற்றது. இன்னொன்றைக் கட்டினார். அதுவும் அப்படியே. சாயங்காலத்துக்குள், அதே ‘நீர் சிக்கன முறை’யில், கொடி முழுக்க ஜரிகை மின்னியது.

தமிழ்வாணி வந்தவள் பால்கனியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“பொன்னாடைய எதுக்குங்க துவைச்சீங்க?”

“தூசியா இருந்துச்சு. டயப்பரு துவைக்கையில அப்படியே அதையும் அலசிவிட்டேன்.”

“மல்லிப்பூ வாசம் அடிக்குது?”

“துவைச்ச வாசம்.”

பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, பீரோவில் மற்றதோடு அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “பஸ்ஸுல போகையில அம்புட்டு யோசனைங்க எனக்கு. வேலையையே விட வேண்டியது வந்துருமோன்னு பயந்துட்டேன். இப்பத்தான் நிம்மதியாப் பாடம் எடுக்குறேன்.”

பாண்டிராஜின் நெஞ்சில் ஏதோ குத்தியது. அது மனசாட்சியாக இருக்கலாம். பாப்பாவுக்காகச் சட்டையில் குத்தி வைத்திருந்த ஊக்காகவும் இருக்கலாம். அவர் ஊக்கைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. கிளம்புகிற நேரத்தில் இயக்கத்தின் செயலாளர் முத்திருளன் போன் பண்ணினான்.

“அண்ணே, பேராசிரியருக்குப் பொன்னாடை வாங்க மறந்துட்டேன்ணே.”

“விளக்குத்தூண் பக்கம் ஓடிப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா.”

“எதுக்குண்ணே தண்டமா? உங்க வீட்டுல பீரோ நெறையாக் கெடக்கு. ஒண்ணக் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. நீங்க போட்ட தீர்மானம்தான?”

தான் போட்ட தீர்மானத்தைத் தானே மீறுவது தலைவருக்கு அழகல்ல. பீரோவைத் திறந்தார். எல்லாம் ஒரே பச்சை, எல்லாவற்றிலும் ஒரே ஜரிகை. மோந்து பார்த்தார். ஒன்றாகக் கிடந்து கிடந்து எல்லாவற்றிலும் மல்லிகை.

“தமிழு” என்றார் உள்ளே பார்த்து. “இதுல கொடியில போடாத பொன்னாடை எதும்மா?”

முத்துமீனாவுக்குக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தாள் தமிழ்வாணி. “ஏங்க? காஞ்சதெல்லாம் துவைச்சதுதான?”

பாண்டிராஜின் பொதுவாழ்வில் இதைவிடக் கடினமான கேள்வியை எந்த நிருபரும் கேட்டதில்லை.

“ஆமா. துவைச்சதுதான்.”

“அப்ப எதை எடுத்தா என்ன?”

பாண்டிராஜ் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். எந்தக் கட்சியிலும் நடுவில் இருப்பதுதானே பாதுகாப்பு.

ஒத்தக்கடை மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. வெளியே மழை, உள்ளே புழுக்கம், மின்விசிறிகள் கடமைக்குச் சுற்றின. மேடையில் இருந்த பெருமக்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பச்சைப் பொன்னாடை விழுந்தது. பிச்சுமணிக்குப் பாண்டிராஜே தன் கையால் போர்த்தினார். போர்த்திய கையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியதைப் பணிவு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் பேசத் தொடங்கினார். பேசப் பேச வேர்த்தது. வேர்க்க வேர்க்க மல்லிகை விடைபெற்றுக்கொண்டது. அதற்குப் பின்னால் காத்திருந்தது முன்னுக்கு வந்தது.

“இந்த மேடையிலே...” என்று நிறுத்தி, மூச்சை இழுத்துப் பார்த்தார். “ஒரு மழலை மணம் வீசறது. நான் உணர்றேன்.”

கூட்டம் கைதட்டியது. முத்திருளன் குனிந்து, “அண்ணே, பாப்பா மேடைக்கு வந்துச்சா?” என்றான்.

“இல்லையே.”

“வந்துட்டுப் போன மாதிரி இருக்கு.”

மாநில அமைப்பாளர் அறிவிப்பு வந்தது. பட்டாசு வெடித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பேராசிரியர் தன் தோளிலிருந்த பொன்னாடையை உருவி, இரு கையாலும் விரித்தார். “எனக்குப் போட்ட இந்தப் பொன்னாடை, நியாயமா இவருக்குச் சேர வேண்டியது” என்று சொல்லிப் பாண்டிராஜின் தோளில் போர்த்தினார். அன்றைக்கு அந்த மேடையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

“பசுமைத் தந்தையின் துணைவியார் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று மைக்கில் அழைத்தான் முத்திருளன்.

தமிழ்வாணி குழந்தையோடு மேடையேறினாள். கணவன் பக்கத்தில் வந்ததும் அவள் கால் நின்றது. பேராசிரியருக்கு அது மழலை மணம். ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவளுக்கு அது என்ன, எத்தனை நாள் பழசு என்பதெல்லாம் மோந்த மாத்திரத்தில் தெரியும். முத்துமீனா தன் பழைய உடைமையைக் கண்டதுபோல ஜரிகையை எட்டிப் பிடித்தாள். தமிழ்வாணி பொன்னாடையைப் பார்த்தாள். பிறகு காற்றில் பறந்த துணிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தவள்போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தமிழு” என்றார் பாண்டிராஜ், உதடு அசையாமல். “வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம்.”

“வீட்டுலதான பேசுனோம்” என்றுவிட்டு மைக்கை வாங்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். துணி டயப்பர் நல்லதுதான். துவைச்சவ சொல்றேன், நம்பலாம். எங்க வீட்டுக்காரரு ஊரு ஊருக்கு ஒண்ணு சொல்லுவாரு. டயப்பர் ரெண்டே வகைதான். தூக்கிப் போடுறது ஒண்ணு...”

“துவைக்கிறது ஒண்ணு” என்று மண்டபமே சேர்ந்து முடித்தது.

“அதுல ஒரு சின்னத் திருத்தம்.” சரிந்திருந்த பொன்னாடையை எடுத்து, கழுத்தை ஒட்டி நன்றாக இழுத்துப் போர்த்திவிட்டாள். “மூணாவதா ஒண்ணு இருக்கு. தோள்ல போடுறது.”

கடைசி வரிசையில் இருந்த பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. அங்கிருந்து கிளம்பிய சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்துகொண்டிருந்தது. பிச்சுமணி தன் சட்டைத் தோளை மெதுவாக மோந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையைத் தேடினார். சிரிப்பு மேடைக்கு வந்து சேர்வதற்குள், பச்சைப் பொன்னாடையோடு அமர்ந்திருந்த பெருமக்கள், தங்கள் வீடுகளில் துணி துவைப்பது யார் என்று நன்றாகத் தெரிந்த அத்தனை பேரும், பக்கத்து ஆள் பார்க்காத நேரம் பார்த்து, தத்தம் பொன்னாடையின் நுனியை மூக்கருகே கொண்டுபோனார்கள்.