மோர் டோனட்டில் ஒரு சின்ன மாற்றம்

மனித குலத்தில் ஒரு தனி இனம் உண்டு. அதற்குக் 'கொஞ்சம் மாற்றுவோர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர்கள் உங்களிடம் ஒரு காரியத்தின் செய்முறையைக் கேட்பார்கள்; கெஞ்சிக் கேட்பார்கள்; நீங்கள் சொல்லச் சொல்லத் தலையை ஒரு பக்கம் சாய்த்து 'ம், ம்' என்பார்கள்; அந்தத் தலை சாயும்போதே நீங்கள் சொன்னதில் பாதி மறு காது வழியாக வெளியே விழுந்து, காலியான இடத்தில் அவர்களுடைய சொந்த யோசனை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் மாற்றிச் செய்வார்கள். கெட்டுப்போகும். கெட்டதும் உங்களிடமே வந்து, "நீ சொன்னது சரியில்லை" என்பார்கள்.

இந்த இனம் இல்லாத ஊர் உண்டா? மிஷன் அம்மையார் ஒருவருக்குத் துணையாக அமெரிக்கா வரை போய் வந்தவள் நான்; தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் ஒரு கனவான் கப்பலுக்கு வழி கேட்டார். சொன்ன வழியில் ஒரே ஒரு திருப்பத்தை மட்டும் திருத்திக்கொண்டார். கப்பல் போய்விட்டது. அவர் அங்கே நின்று வழி சொன்னவரைத் திட்டிக்கொண்டிருந்ததை மேல்தளத்திலிருந்து பார்த்தேன், கையும் அசைத்தேன்.

ஆனால் இந்த இனத்தின் முடிசூடிய ராணி எங்கள் ஊரான ஈப்போவில்தான் இருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டில். பெயர் ஞானம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் விஸ்வலிங்கம் ரயில்வே காரியாலயத்தில் குமாஸ்தா; எந்நேரமும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும், மனைவி அடுத்து எதை மாற்றப்போகிறாரோ என்ற முகமுமாக இருப்பார்.

அந்த வருஷம் விஸ்வலிங்கத்தைப் பாரிட் புந்தாருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்தது. ஞானம்மா அக்கா சாப்பாட்டை விட்டார். பாரிட் புந்தாரில் என்ன இருக்கிறது? நெல்வயல். வயலில் கொக்கு. கொக்குக்கு யார் போய் ஆலோசனை சொல்வது? ஈப்போவிலோ அவர் திருத்த வேண்டிய குடும்பங்கள் இன்னும் ஏராளமாக மீதி இருந்தன.

மாற்றுவதும் விடுவதும் ரயில்வே பெரிய அதிகாரி பார்லோ துரையின் கையில். துரையோ அவர் மனைவி மேமின் கையில். மேம் அமெரிக்காக்காரி. ரயில்வே விளையாட்டு விழாவில் அந்த அம்மாள் ஒரு பெருமூச்சோடு சொல்லியிருக்கிறார்: சின்ன வயதில் தின்ற மோர் டோனட்டை இந்தச் சீமையில் ஒருவரும் செய்வாரில்லையே என்று. விஸ்வலிங்கம் அதை வீட்டில் வந்து சொன்னார். மறு நிமிஷம் ஞானம்மா அக்கா எங்கள் வீட்டில்.

"எடி பிள்ளை, நீ அந்த ஊரெல்லாம் போனனியெல்லோ? டோனட் எண்டால் என்ன?"

சொன்னேன். மோர் விட்டுப் பிசைந்து, வளையமாக வெட்டிப் பொரித்து, மேலே சீனிப் பூச்சில் முக்கி எடுக்கிற இனிப்புப் பணியாரம் என்றேன். அளவு சொன்னேன், பக்குவம் சொன்னேன்.

அக்காவின் தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

"அக்கா, ஒன்றையும் மாற்றாதீர்கள்."

"நான் ஏன் மாத்திறன்? எனக்கென்ன விசரோ?"

மேமைத் தேநீருக்கு அழைத்தார்கள். வருவதாகச் சொன்னார். அன்று மத்தியானம் மனம் கேளாமல் அக்காவின் குசினிக்குப் போனேன். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்கிற கருப்பம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு பெரிய சட்டியில் முழங்கைவரை இறங்கியிருந்தார்.

"அக்கா, முட்டை எங்கே?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ! வெள்ளிக்கிழமையிலை ஆரும் முட்டை உடைப்பினமோ?"

"முட்டை இல்லாமல் மா எப்படிச் சேரும்?"

"அதுக்குத்தான் உளுந்து அரைச்சுப் போட்டனான். நல்லாப் பிடிக்கும்."

"எவ்வளவு உளுந்து?"

"கோதுமை மாவிலை வண்டு கிடந்தது பிள்ளை. முழுக்க உளுந்துதான்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "மோராவது..."

"மோரிலை கை வைப்பனோ? விட்டனான். ஆனால் பச்சை மோரை விருந்தாளிக்கு ஆர் குடுப்பினம்? தாளிச்சு விட்டனான்."

"எதைப் போட்டு?"

"வழக்கம்போலைதான். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்."

"சாதிக்காய் சொன்னேனே?"

"அது வயித்தாலை போற குழந்தைக்கு உரைச்சுக் குடுக்கிற சாமான். மேமின்ரை வயித்துக்கு என்ன வந்தது? பெருஞ்சீரகம் போட்டனான்."

"சீனி?"

"மேலை முக்கத்தானே போறம். உள்ளுக்கும் என்னத்துக்கு? உப்புப் போட்டனான்."

நெய்யில் பொரிக்கச் சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. நல்லெண்ணெய் வாசனை தெரு வரைக்கும் வந்திருந்தது.

கருப்பம்மாள் ஒன்றைப் பொரித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "வடை நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு லா."

"வடை எண்டு சொல்லாதை! டோனட்!"

"சரிங்கம்மா, டோனட்டு. டோனட்டுல மொளகா எட்டிப் பாக்குதுங்களே?"

"நீ அடுப்பைப் பார்!"

ஆனால் அக்காவை நன்றி கெட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னதில் ஒன்றை அட்சரம் பிசகாமல் செய்தார். சீனியை மா போல இடித்துச் சலித்து, பால் விட்டுக் குழைத்து, வெங்காயமும் மிளகாயும் பெருஞ்சீரகமுமாகப் பொரிந்து வந்த அத்தனை வடைகளையும், சூடு ஆறுமுன் ஒவ்வொன்றாக அதில் முக்கி முக்கி அடுக்கினார். "உனக்கும் ஒரு மரியாதை தர வேண்டாமோ பிள்ளை?" என்றார்.

கருப்பம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

விஸ்வலிங்கம் கோட்டோடு உள்ளே வந்தார். வெள்ளித் தட்டில் வட்டமாக அடுக்கியிருந்த ஓட்டைப் பண்டங்களைக் கண்டதும், வைரவர் கோயில் வடைமாலை ஞாபகத்தில் கை தானாக எழும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகுதான் அந்தத் தட்டில் இருப்பது தன் உத்தியோகம் என்று அவருக்கு உறைத்தது.

மேம் வந்தார். தொப்பியைக் கழற்றினார். பளபளவென்று வெள்ளைப் பூச்சோடு இருந்த தட்டைக் கண்டதும் "ஓ!" என்று ஒரு குழந்தையைப் போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டார். ஒன்றை எடுத்தார். கடித்தார்.

அந்த முகத்தை நான் என்னவென்று எழுதுவேன்? முதலில் சீனி தட்டுப்பட்டது, புன்னகை. அடுத்து உப்பு, புருவம். அதன் பிறகு மிளகாய், தான் இருப்பதை அறிவித்தது. மேமின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"தாயின்ரை ஞாபகம் வந்திட்டுது போலை," என்றார் விஸ்வலிங்கம், குரல் நடுங்க.

மேம் தேநீரைக் குடித்தார். இன்னொரு கோப்பை குடித்தார். ஞானம்மா அக்கா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி நின்றார். பாரிட் புந்தார்க் கொக்குகள் அவர் கண்முன் வரிசையாக வந்து உட்கார்வது எனக்கே தெரிந்தது. அப்போது மேமின் கை நீண்டது. இரண்டாவதை எடுத்தது. அழுதுகொண்டே அதையும் தின்றார். மூன்றாவதையும்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு செய்முறை கேட்டார். அக்கா சொல்ல, விஸ்வலிங்கம் மொழிபெயர்த்தார். மேம் 'ம், ம்' என்று கேட்டார்.

கேட்கக் கேட்க அவர் தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது!

ஆகா, இவருமா?

விஸ்வலிங்கத்தின் மாற்றல் பேச்சு அதோடு அடங்கியது. சில வாரம் கழித்துத் துரையின் காரோட்டி பத்துமலை ஒரு மூடிய தட்டோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் அங்கே இருந்தேன்.

"மேம் குடுத்து விட்டாங்க. ஒங்க பலகாரம்தானாம். கொஞ்சம்தான் மாத்தினாங்களாம்."

என்ன மாற்றினார்? அவன் சொல்லிக்கொண்டே போனான். துரைக்குக் காரம் ஆகாது, மிளகாய் இல்லை. வெங்காயம் நாறும், இல்லை. கடுகும் கருவேப்பிலையும் பல்லில் மாட்டும், இல்லை. மோரை மட்டும் சும்மா விட்டார்களாம். உளுந்து அரைக்க ஆளில்லை, கோதுமை மா. அது சேர முட்டை. உப்பைக் குறைத்துச் சீனி. பெருஞ்சீரகம் வீட்டில் இல்லை, கைக்குக் கிடைத்தது சாதிக்காய்.

தட்டைத் திறந்தேன். போஸ்டனில் நான் தின்ற அதே மோர் டோனட். அதே மணம். என் கண்ணில் நீர் வந்தது, மிளகாய் இல்லாமலே.

ஞானம்மா அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். முகம் சுளித்தார்.

"பாவம், கெடுத்துப்போட்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியேல்லை."

பத்துமலை போகவில்லை, நின்று தலையைச் சொறிந்தான். "இன்னொரு சேதிம்மா. தொரைக்கே மாத்தல் வந்திருச்சு. பாரிட் புந்தாருக்கு. மேம் ஒரே பிடிவாதம் லா. ஒங்க வீட்டய்யாவையும் கையோட கூட்டிக்கிட்டாத்தான் வருவேன்னு. ஞானம்மா இல்லாம அங்க யாருகிட்ட சமையல் கேக்கறதுன்னு சொல்றாங்க."

அக்கா மெதுவாகத் திரும்பினார். துரையைச் சபிக்கவில்லை. மேமைச் சபிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உன்னாலைதான். நீ சொன்னதை அப்பிடியே செய்தன் பார், அதாலை வந்த வினை!"

போய்விட்டார்கள். இப்போது பாரிட் புந்தாரில் இரண்டு ராணிகளும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்வி. ஒருவர் தட்டு போவதும் மற்றவர் தட்டு வருவதுமாக, நடுவில் இரண்டு புருஷன்மாரும் மெலிந்து வருகிறார்களாம்.

போகட்டும். வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லவென்று எனக்குத் தெரியும். ஆகவே உங்களை நம்பி அசல் செய்முறையைத் தருகிறேன். கோதுமை மாவில் கொஞ்சம் ஆப்பச் சோடாவும் உப்பும் துருவிய சாதிக்காயும் கலந்து, அடித்த முட்டை, சீனி, உருக்கிய வெண்ணெய், புளித்த மோர் எல்லாம் சேர்த்து மெத்தென்று பிசைந்து, தடிப்பாகத் தட்டி, வளையமாக வெட்டி, நெய்யில் பொன்னிறமாகப் பொரித்து, சூட்டோடு சீனிப் பூச்சில் முக்கி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கே, தலையை நேராக வையுங்கள். சாதிக்காய்க்குப் பதில் ஏலக்காய் போட்டால் என்ன என்றுதானே யோசிக்கிறீர்கள்?