சுவரில் இருப்பது வெடி அல்ல

ஆமத்தூர்,
22-1-2008, செவ்வாய்

திருத்தங்கலில் சீரோடும் சிறப்போடும் இருக்கும் என் சம்பந்தி, மதினி அய்யம்மாள் அவர்களுக்கு, ஆமத்தூர் வேலுத்தாய் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்களுக்கு அண்ணன் முறையான என் வீட்டுக்காரரும், உங்கள் மருமகள் பானுப்பிரியாவும், நம் பேத்தியும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை பாண்டிராஜ் அச்சாபீசில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று தெரிந்தால் மனசு நிறையும். நம் பேத்திக்குக் கழுத்து நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் இப்படி நின்ற கழுத்தை நான் பார்த்ததில்லை. நர்சம்மாவும் பார்த்ததில்லை என்றார். நான் விடாமல் கேட்டதால்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பானுப்பிரியா சொல்கிறாள், அவள் கிடக்கிறாள்.

இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேற்றுத்தான் நாம் போனில் பேசினோம். பேசினோம் என்றால் நீங்கள் பேசினீர்கள், நான் "மதினி" என்று ஆறு தடவை சொன்னேன். "எந் தம்பி எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லிட்டான். பச்சப்புள்ள இருக்குற வீட்டுல இப்பிடியும் செய்வாகளா மதினி? வெள்ளிக்கெழம வேனோட வாரோம். தாயையும் புள்ளையையும் ஏத்திட்டுப் போறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் யாரும் நடுவில் வைக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும், அந்த அஞ்சு வகுப்பிலும் கையெழுத்துக்கு என்னை மிஞ்சி ஆள் கிடையாது. பஸ் கண்டக்டர் எங்கள் தெருதான், அவர் கையில் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். நிதானமாகப் படித்துவிட்டு வேனைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி செல்லப்பாண்டி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சுவரில், தொட்டிலுக்கு நேர் மேலே பார்த்தது அணுகுண்டு வெடி அல்ல. அது தண்ணீர்க் குழாய்.

நடந்ததற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள் கொடுத்துவிட்ட காலண்டர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளை தன் கையால் அச்சடித்த காலண்டர், மயில் மேல் முருகன், என்ன கலர், என்ன பளபளப்பு. ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே பதினாலு காலண்டர் தொங்குகிறது, உங்களுக்கே தெரியும். சம்பந்தி வீட்டுக் காலண்டரை உரக்கடைக் காலண்டருக்குப் பின்னால் மாட்ட முடியுமா? நாளைக்கு நீங்கள் வந்தால் வாசல்படி தாண்டியதும் முதலில் அதைத்தானே தேடுவீர்கள். அதனால் ஹாலில் பெரிய சுவரில், நட்டநடுவில், புது ஆணி அடிப்பது என்று முடிவு செய்தேன். உங்கள் அண்ணனைக் கூப்பிட்டால் அவர் மரத்தில் செய்த கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வருகிறார். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர், போர்மேன் வேறு, இரும்புச் சுத்தியலைக் கையால் தொட மாட்டார். "இரும்பும் இரும்பும் மோதுனா பொறி வரும் புள்ள" என்கிறார். "வரட்டுமே, இங்கன என்ன மருந்தா இருக்கு, வெறும் சுவருதான" என்றேன். கேட்கவில்லை. ஓங்கி ஓர் அடி அடித்தார். ஆணி சுவருக்குள் போகவில்லை, கொட்டாப்புளிக்குள் போய்விட்டது. அதைப் பிடுங்கி, அம்மிக்குழவியால் நாலு போடு போட்டு நான்தான் இறக்கினேன். இந்த வீட்டில் ரிப்பேர் வேலை எல்லாம் என் தலையில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறுகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் குழாய் என்றால் சுவருக்கு வெளியே, எல்லோரும் பார்க்க, மரியாதையாக நிற்கும். வீடு கட்டும்போது, சுவருக்குள் மறைத்து வைத்தால்தான் பார்வையாக இருக்கும் என்று பிளம்பர் சங்கையா சொன்னார். மறைத்தவர் எங்கே மறைத்தேன் என்று ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆணி குழாய்க்குள் இறங்கி, அங்கேயே அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மோட்டார் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, காலண்டருக்குப் பின்னால் நனைந்து, தேதித்தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒரு நாள் காலையில் கிழித்தபோது இரண்டு தாள் சேர்ந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்குப் போய் நின்றால், நர்சம்மா, "இன்னைக்குச் செவ்வாதானம்மா" என்கிறார். மாப்பிள்ளை அடித்த காலண்டர் தப்பாக இருக்காது என்று அவரோடு அரை மணி நேரம் வழக்காடினேன். அது உங்கள் வீட்டு மானத்துக்காக.

வீட்டுக்கு வந்து காலண்டரைக் கழற்றிப் பார்த்தால் ஆணியைச் சுற்றி ஈரம். மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆணியைப் பிடுங்கினேன். பிடுங்கியிருக்கக் கூடாது. தண்ணீர் ஹாலைக் குறுக்கே தாண்டி எதிர்ச்சுவர் டிவி மேல் போய் அடித்தது. கட்டைவிரலை வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சுவிட்சும் அதே சுவர்தான், ஈரத்தில் தொட்டால் சுரீர் என்கிறது. பானுப்பிரியா பிள்ளையோடு வாசலுக்குப் போய்விட்டாள். உங்கள் அண்ணன் அந்தக் கொட்டாப்புளியின் நுனியால் தூர நின்று சுவிட்சைத் தட்டினார். அது மரம் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாளிலிருந்து கொட்டாப்புளியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. டிவியில் இப்போது சத்தம் மட்டும் வருகிறது. அதுவும் நல்லதுதான், படம் இல்லாததால் சீரியலில் யார் அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை ஒன்று கிடைத்திருக்கிறது.

மறுநாள் சங்கையா வந்தார். சுவரில் காதை வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, கொழா எங்கன போகுதுன்னு இதப் போட்டவனுக்குத்தான் வெளிச்சம்" என்றார். உங்கள் அண்ணன், "ஏலே, போட்டதே நீதானலே" என்றார். அதற்குச் சங்கையா கொஞ்சம்கூட அசராமல், "அப்பச் சரியாத்தான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உளியை வைத்து உடைக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. உங்கள் அண்ணன் தெருமுனைவரை போய் நின்றுகொண்டார். தோசைக்கல் அகலத்துக்குச் சுவரை உடைத்துக் குழாயைக் கண்டுபிடித்து, பூசுவதற்கு ஒரு வாளி மணலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொங்கல் முடிஞ்சு வாரேன்க்கா" என்று போனார். எந்த வருஷத்துப் பொங்கல் என்று கேட்காமல் விட்டது என் தவறு. அவருடைய செல்லுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்கிறாள். அவள் குரல் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

போன வியாழக்கிழமை உங்கள் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். "ஒரு குண்டுக்குள்ள மருந்து வெடிக்கிற வேகத்தையே சணலு தாங்குது. தண்ணி என்ன பெரிய இது" என்றார். கடையில் புதுச் சணல் வாங்கி வந்து, மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டி, சணலைப் பசையில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். சுற்றினார் சுற்றினார், அப்படிச் சுற்றினார். நல்ல தேங்காய் பருமனுக்கு வந்ததும்தான் நிறுத்தினார். தண்ணீர் பட்டால் பசை கரையுமே என்றேன். ஜன்னலுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருந்ததை மேலே பூசினார். எங்கள் ஜன்னல் பச்சை என்பது உங்களுக்குத் தெரியும். சணலின் நுனியை வெட்ட எடுத்த கத்தரி இரும்பு என்பதால் அதை மட்டும் அப்படியே தொங்க விட்டுவிட்டார். சுவர் சுரீர் என்றதற்கு அவர் கண்ட வைத்தியம் வேறு. கம்பெனியில் மருந்து அறைக்குள் போகும்முன், உடம்புக் கரண்டு இறங்கட்டும் என்று தொடுவார்களே, அது மாதிரி வாசலில் ஒரு செம்புத் தகட்டைக் கட்டி, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று உத்தரவு போட்டார். "கரண்டு சுவத்துல இருக்கு, நம்ம மேலயா இருக்கு" என்று கேட்டேன். போர்மேன்களிடம் கேள்வி கேட்கக்கூடாது.

இப்போது உங்கள் தம்பி பக்கம் இருந்து யோசித்துப் பார்த்தேன். அவரும் பட்டாசு வேலை பார்க்கிறவர். வாசலில் செம்புத் தகடு, தொட்டார். உள்ளே ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். பேத்தியையும் சேர்த்து ஏற்கெனவே நாலு பேர் இருந்தோம், கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பதால், உங்கள் அண்ணன் பழக்கதோஷத்தில், "அஞ்சாவது ஆளு வந்தா ஒருத்தர் வெளிய போகணும்" என்று என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார். நான் காப்பியோடு வரும்போது உங்கள் தம்பி அண்ணாந்து, திரி மாதிரிச் சணல் தொங்கும் அந்தப் பச்சை உருண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மதினி, இது என்ன மதினி?"

"அதுவா தம்பி, உங்க அண்ணன் சுத்துனது."

"வீட்டுலயேவா?"

"பின்ன, இதுக்கு வெளிய ஆளா தேட முடியும்? மூணு நாளாச்சு, இன்னும் நல்லாக் காயல. காஞ்சதும் ஒரு தடவ முழு வேகத்துல விட்டுப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

காப்பியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். பிள்ளைக்குக் கொண்டுவந்த சட்டையைக்கூடக் கொடுக்காமல், திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சட்டை உங்கள் வீட்டில்தான் இருக்கும், பாருங்கள்.

மதினி, வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஐந்து நாளாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. மோட்டார் போடவில்லை என்பது வேறு விஷயம். சுவர் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெருக்குழாயில் எடுக்கிறேன், எனக்கு அது ஒரு பாரமில்லை. ஐந்து மாதம் பிள்ளை தாய்வீட்டுப் பாட்டியின் கையில் இருப்பது நம் வழக்கம். இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. பானுப்பிரியா பிறந்து நாற்பதாம் நாளே நான் தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போய்விட்டேன். அவள் எப்போது கழுத்து நின்றாள், எப்போது குப்புற விழுந்தாள், முதல் சிரிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். நம் பேத்தி இன்னும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. வாய் கோணுகிறது, இன்றோ நாளையோ என்று இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்குப் போன பிறகு நடந்தால் நீங்கள் போனில் சொல்வீர்கள், நானும் "அப்பிடியா மதினி" என்பேன். அவ்வளவுதான். அங்கே வந்து பார்க்கலாமே என்பீர்கள். சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை என்கிற கௌரவம் எனக்கு இருக்கிறது, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்புகிறவள் நான் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை வேன் வேண்டாம். நீங்கள் மட்டும் பஸ்ஸில் வாருங்கள், இரண்டு இட்லி சாப்பிட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. மீதிக் காப்பிக்கு அவரை வரச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். இரண்டு வீட்டு விளக்கும் அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு பாட்டி,
ஆ. வேலுத்தாய்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி மடித்து வைத்தேன். சாயங்காலம் உங்கள் அண்ணன் உருண்டையைத் தட்டிப் பார்த்து, "நல்லாக் காஞ்சிருச்சு, வெள்ளிக்கெழம சம்பந்தி வார வரைக்கும் எதுக்குக் காக்கணும்" என்று மோட்டாரைப் போட்டார். பத்து எண்ணும் வரை நின்றது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். பச்சை உருண்டை பறந்து போய் டிவிக்குப் பின்னால் விழுந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது ஹாலில் கணுக்கால் வரை தண்ணீர், இந்தக் காகிதத்தில் மை பரவியிருப்பதும் அதனால்தான். நாங்கள் வாளியைத் தேடுவதற்குள், தொட்டிலுக்குள் இருந்து ஒரு சிரிப்பு. நம் பேத்தி சத்தம் போட்டுச் சிரித்தாள் மதினி, மூன்று தடவை. நான் பார்த்துவிட்டேன்.

எனவே வெள்ளிக்கிழமை வேன் வரட்டும், கொஞ்சம் பெரிதாகவே வரட்டும். பிள்ளையோடு தாயும், தாயோடு நானும் வருகிறோம். ஐந்து மாதம் என் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம், எந்த வீட்டில் என்று வழக்கம் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் வரவில்லை, இரண்டாவது உருண்டைக்குச் சணல் வாங்கப் போயிருக்கிறார். காலண்டர் நனைந்துவிட்டது, இன்னொன்று எடுத்து வையுங்கள். அதை உங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆணியை மட்டும் உங்கள் வீட்டுக்கார அண்ணனை அடிக்கச் சொல்லுங்கள்.