கராஜில் நிற்கிற கார்

குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பொலிஸ் நீட்டிய பலூனை விஜேந்திரன் முதலாளி ஊதிய விதத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. யட்டியாந்தோட்டை பஜாரில் இருபது வருஷமாகப் பலசரக்குக் கடை நடத்துகிற மனுஷன். ஊதச் சொன்னால் மூச்சைப் பிடித்து முழுசாகத்தான் ஊதுவார். சார்ஜன்ட் குழாயை வாங்கிப் பார்த்தார். திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஜீப்பில ஏறுங்க முதலாளி" என்று சிங்களத்தில் வெகு மரியாதையாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணு மணி. மேலே தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்குப் பிரியாவிடை. நல்ல மனுஷன் போகிறாரே என்ற துக்கத்தில் முதலாளி ஒரு கிளாஸ் எடுத்தார். போகத்தானே வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள இன்னொன்று. மூன்றாவதுக்குக் காரணம் தேவைப்படவில்லை. காரை எடுக்கும் முன் ஏலக்காய் நாலு, அதற்கு மேல் ஒரு வெற்றிலை, அதற்கும் மேல் ஒரு பிடி கொய்யா இலை மென்றார். வாய் கமகம என்றுதான் இருந்தது. பலூனுக்குத்தான் மூக்கு இல்லையே.

பொலிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குக் கோர்ட்டைப் பற்றிப் பயமில்லை. கூண்டைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் ஒரு துண்டுச் சூடத்தைப் பற்றி.

தை மாசம் மாரியம்மன் கோயிலில் அவர் மனைவி சுஜீதா வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தி அவருக்கு முன்னால் நீட்டினாள். சத்தியத்தின் வாசகத்தையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். "இனி ஒரு சொட்டு குடிச்சா கடைச் சாவி, கார்ச் சாவி ரெண்டும் சுஜீதா கையில." அவர் அதை அட்சரம் பிசகாமல் சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார். பூசாரி சாட்சி. அன்றைக்குக் கை சுட்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

கார்ச் சாவி போனால் போகட்டும், நடந்து போகலாம். கடைச் சாவி அப்படியா? காலையில் நாலு பேர் பார்க்க அந்தப் பெரிய பூட்டைத் திறந்து, பலகையைத் தள்ளி, சாம்பிராணி காட்டுகிறவர்தான் பஜாரில் முதலாளி. சாவி இல்லாவிட்டால் அவர் வெறும் விஜேந்திரன். வீட்டில் ஏற்கெனவே அவர் வெறும் விஜேந்திரன்தான். கடையிலும் அப்படி என்றால் மனுஷன் எங்கேதான் போவார்?

நல்ல காலம், சுஜீதா ஊரில் இல்லை. தங்கச்சி மகள் பெரியபிள்ளையாகி, சடங்குக்காகப் பலாங்கொடை போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் வருவாள். அதற்குள் கார் வீட்டு வாசலில் நின்றுவிட்டால் சூடமும் இல்லை, சாட்சியும் இல்லை.

பிணை நிற்க கராஜ் புவாட் வந்தார். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அந்த ஆள். அதனால் முதலாளியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கமும் நிறையப் புத்திமதியும் இருந்தது.

"என்னத்துக்கு முதலாளி இந்த வேல?"

"கணக்கப்பிள்ளைக்குப் பிரியாவிடை, புவாட்."

"அவர் போறதுக்கு நீங்க ஏன் உள்ள போனீங்க?"

மறுநாள் காலை கோர்ட். நீதவான் அபராதம் போட்டு, ஆறு மாசத்துக்கு லைசன்ஸையும் நிறுத்தி வைத்தார். முதலாளி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, அங்கிருந்து நேரே பொலிசுக்கு வந்தார். முற்றத்தில் வெள்ளைக் கார் சமத்தாக நின்றுகொண்டிருந்தது. சார்ஜன்ட் கார்ப் புத்தகத்தைத் திறந்தார்.

"இதில சுஜீதான்னு பேர் இருக்கு. அது நீங்களா?"

முதலாளி புத்தகத்தை எட்டிப் பார்த்தார். கார் வாங்கும்போது சாத்திரியார் ஜாதகத்தை விரித்து, உங்கள் பேருக்கு வாகன யோகம் இல்லை, சம்சாரத்தின் பேருக்கு அமோகமாக இருக்கு என்று சொன்னார். ஜாதகத்தோடு வம்பு எதற்கு என்று அவள் பேரிலேயே பதிந்தார். நாலு வருஷமாக ஓட்டியது அவர்தானே, மறந்தே போய்விட்டார்.

"என் சம்சாரம், சேர்."

"அப்ப நோனா வந்து கையெழுத்து வைக்கணும். லைசன்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் ஓட்டிட்டுப் போகணும்."

"நோனாவுக்கு உடம்பு சரியில்ல, சேர்."

"சுகமானதும் வரட்டும். கார் எங்கயும் ஓடிடாது."

கடைக்கு வந்து ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. சுஜீதா.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"கார் எப்படி இருக்கு?"

கார் வாங்கிய நாலு வருஷத்தில் அவள் காரின் சுகத்தை விசாரித்தது அதுவே முதல் தடவை. அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"கார்... புவாட் கராஜில நிக்குது. கியர் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு."

"அடடா. கராஜிலயா நிக்குது?"

"கராஜிலதான். நம்ப மாட்டியா?"

"நீங்க சொன்னா நம்பாம இருப்பேனா? சரி, எப்படியும் கராஜிலதானே நிக்குது, அந்த இடது பக்கக் கண்ணாடியையும் மாத்தச் சொல்லுங்க. மூணு வருஷமா சொல்றேன்."

"சொல்றேன்."

"பின்கதவு பூட்டு?"

"அதுவும் சொல்றேன்."

"சீட்டுக்குப் புது உறை. மெரூன் கலர். அப்புறம் அந்த ஹோர்ன், சளி பிடிச்ச ஆடு மாதிரி கத்துது. நல்லதா ஒண்ணு போடச் சொல்லுங்க."

குற்றமுள்ள மனசுக்கு மெரூன் கலரும் ஒன்றுதான், மஞ்சள் கலரும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் புத்திசாலித்தனத்தை எடுத்து விட்டார்.

"சுஜீ, இன்சூரன்ஸ்காரன் ஒரு கடிதம் கேக்குறான். என் காரை என் புருஷன்கிட்டக் குடுங்கன்னு எழுதி, உன் கையெழுத்து."

"இன்சூரன்ஸுக்கா?"

"அவனுங்க இப்ப எதுக்கெடுத்தாலும் கடிதம் கேக்குறானுங்க."

"நீங்க கவலைப்படாதீங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேலையை நான் முடிச்சுடுறேன்."

போனை வைத்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட அப்பாவி இவள். சனிக்கிழமை தவறாமல் கரவனெல்லைக்குத் தையல் வகுப்புக்குப் போகிறாள். நாலு மாசமாகப் போயும் ஒரு ரவிக்கை தைத்து முடித்தபாடில்லை. அவ்வளவுதான் சாமர்த்தியம். இப்படிப்பட்டவளுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தோமே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

வியாழக்கிழமை முழுக்கப் பலாங்கொடைப் பக்கமிருந்து வந்த பஸ்காரர்களை எல்லாம் விசாரித்தார். கடிதம் வரவில்லை. போன் பண்ணினால் சடங்கு வீட்டு மேளச் சத்தம்தான் கேட்கும் என்று எதிர்பார்த்தார். அதுகூடக் கேட்கவில்லை, அவள் எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், காலில் விழுந்தாவது காரை எடுப்பது என்று பொலிசுக்கு ஓடினார். முற்றத்தில் கார் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

"சேர், என் கார்?"

"உங்க காரா? சொந்தக்காரங்க நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்க." சார்ஜன்ட் சிரித்தார். "சொந்தக்காரங்களுக்கு அறிவிக்கிறது எங்க கடமை இல்லையா? புதன்கிழமை நீங்க இங்கிருந்து போனதும் நோனாவுக்குப் போன் பண்ணினேன். உடம்பு எப்படி இருக்குன்னும் கேட்டேன். நல்லா இருக்கிறதா சொன்னாங்க."

முதலாளி அந்த நாயைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டிட்டுப் போனது யாரு?"

"வேற யாரு, நோனாதான். லைசன்ஸ் காட்டினாங்க, புத்தம் புதுசு. ரெண்டு ஜீப்புக்கு நடுவில ரிவர்ஸ்ல அழகா எடுத்தாங்க. எங்க டிரைவரே வந்து பார்த்தான்."

கரவனெல்லைத் தையல் வகுப்பு அவர் கண்முன்னே நாலு சக்கரத்தில் ஓடியது.

புவாட்டைப் பிடித்து ஏதாவது வழி பண்ணலாம் என்று மூச்சிரைக்கக் கராஜுக்குப் போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே கார் நின்றது. இடது பக்கம் புதுக் கண்ணாடி. உள்ளே மெரூன் கலர் உறை. புவாட் ஹோர்னைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுஜீதா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. பின்கதவு பூட்டு மட்டும் பாக்கி."

"முதலாளி, நான் ஒண்டும் சொல்லல்ல" என்றார் புவாட் நிமிராமலே. "அக்கா கேக்கவும் இல்ல. காரக் கொண்டாந்து நிப்பாட்டிட்டு, முதலாளி சொன்ன வேலையெல்லாம் செய்ங்கன்னாங்க."

விஜேந்திரன் உள்ளே வந்தார். "சுஜீ... நீ எதுக்குக் காரை இங்க கொண்டாந்தே?"

"நீங்கதானே கராஜில நிக்குதுன்னு சொன்னீங்க?" சுஜீதா கோப்பையைக் கீழே வைத்தாள். "விஜேந்திரன் முதலாளி பொய் சொன்னாருன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாதில்ல? அதான் கொண்டாந்து நிறுத்தினேன்."

அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால் தானும் சேர்ந்து அழுதிருக்கலாம். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பொம்பளையிடம் எப்படிச் சண்டை போடுவது?

"கணக்கப்பிள்ளை போறாரேன்னு மனசு கேக்கல, சுஜீ."

"தெரியும். நேத்து ராத்திரி அவங்க வீட்டுலதான் தங்கினேன், அவர் சம்சாரம் சொன்னா. மூணு தடவை மனசு கேக்கலியாம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்களைப் பிடிச்ச அந்த வளைவில ஸ்கூல் பிள்ளைங்க ரோட்டைக் கடக்கிற நேரம் அது. பொலிஸ் பிடிச்சதுக்கு நான் அம்மனுக்குத் தேங்காய் உடைச்சுட்டுத்தான் வந்தேன்."

சுஜீதா கையை நீட்டினாள். கார்ச் சாவிக்கு இல்லை, அது அவளிடமே இருந்தது. அவர் இடுப்பிலிருந்து கடைச் சாவிக் கொத்தை அவிழ்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். முடிச்சு இறுகிவிட்டது என்றார். புவாட் ஒரு இடுக்கியை எடுத்து நீட்டினார். அதன் பிறகு முடிச்சு தானாகவே அவிழ்ந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கடை வாசலில் நாலைந்து பேர் பையோடு நின்றார்கள். தோட்டத்திலிருந்து சீனி வாங்க இறங்கி வந்த சின்னம்மாவும் நின்றாள். அவர்களுக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, விஜேந்திரனும் நின்றார். பூட்டு அவரையே பார்த்துக்கொண்டு தொங்கியது.

"என்ன முதலாளி, ஏழு மணியாச்சு, இன்னும் கடை திறக்கலியா?" என்றாள் சின்னம்மா.

தூரத்து வளைவில் புது ஹோர்ன் சத்தம் கணீரென்று கேட்டது. விஜேந்திரன் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, முதலாளி வந்துட்டாங்க."