மூன்று பூச்சுப் பெயின்ட்டும் றசீத் சேரின் பிரியாவிடையும்

ஒரு வலயக் கல்விப் பணிப்பாளர், ஒரு அதிபர், முப்பது ஆசிரியர்கள், நானூறு மாணவர்கள், சோடா பரிமாற வந்த இரண்டு பேர். இத்தனை பேரையும் ஒரே பிற்பகலில் அழவைத்தவன் எங்கள் கரையோரத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு. வேறு எதிலும் நான் இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கண்டதில்லை.)

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு ஐஸ் பெக்டரி இருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ்கட்டி போடுவது அங்கேதான். அதில் நான் களஞ்சியப் பொறுப்பாளர். தண்ணீரை உறைய வைக்க அமோனியா வாயு வேண்டும். அது ஆளுயர இரும்புச் சிலிண்டர்களில் வரும். மூக்கைக் கிழிக்கிற சாமான். கொஞ்சம் அதிகமாக உள்ளே போனால் உயிரையும் கிழிக்கும்.

ஒருநாள் கொழும்பில் சிலிண்டர் பாதுகாப்புப் பற்றி இரண்டு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. போக வேண்டியவர் மெஷின் ஓட்டுகிற யோகண்ணன். சொறிக்கல்முனையில் அவருக்கு வெள்ளாமை வெட்டு நேரம். அதனால் முதலாளி என்னை அனுப்பினார். அங்கே ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதிலிருந்து என் நடையே மாறிவிட்டது.

படித்தது இதுதான். ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் அதைக் கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும் இரும்பிலேயே அடித்திருக்கும். ஐந்து வருடம் முடிந்தால் திரும்பச் சோதிக்க வேண்டும். உள்ளே துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர் நிரப்பி, வழமையைவிடக் கூடிய அழுத்தம் கொடுத்து, உடம்பு எவ்வளவு விரிந்து சுருங்குகிறது என்று அளப்பார்கள். வால்வையும் பார்ப்பார்கள். தேறினால் புதுத் தேதி அடிப்பார்கள். தேறாவிட்டால் ஓட்டை போட்டு ஒதுக்கிவிடுவார்கள். நல்ல சிலிண்டரைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்றும், கெட்டது பொத்தென்று சத்தம் போடும் என்றும் ஒருவர் சொன்னார்.

ஊருக்கு வந்து நான் செய்த முதல் வேலை, எங்கள் வீட்டு அடுப்புக் கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் தட்டியது. உம்மா ஈர்க்குமாற்றோடு ஓடி வந்தார்.

"என்ட வாப்பா! கேஸ் சிலிண்டருக்குச் சுத்தியலால அடிக்கிறியா? ஊட்டக் கொளுத்தப் போறியா?"

"உம்மா, இது விஞ்ஞானம். சத்தத்தக் கேளுங்க."

"என்ட ஈர்க்குமாத்துச் சத்தத்த நீ முதல்ல கேளு."

இவ்வளவு படித்த அறிவாளி அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். பெக்டரியைப் பரிசோதிக்க ஒரு அதிகாரி வரப்போவதாக முதலாளிக்குத் தகவல் வந்தது.

"சிலிண்டர் எல்லாம் பளபளண்டு இரிக்கணும் நிஸ்ஸார்" என்றார்.

அங்கே ஆறு சிலிண்டர்கள் இருந்தன. ஐந்து அடிக்கடி நிரப்பப் போய்வருபவை. ஆறாவது, எப்போதோ நிரப்பி, 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று கடல் பக்க மூலையில் வைத்தது. கடற்காற்றில் அதன் தோளெல்லாம் துருவேறிப் பொருக்கு வெடித்திருந்தது. நான் ஆறுக்கும் பெயின்ட் அடித்தேன். ஒரு பூச்சு அல்ல, மூன்று பூச்சு. துருவுக்கு மேல் பெயின்ட் அடித்தால் துருவுக்கு வெட்கம் வந்து போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

காய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சோதனைத் தேதிகளைப் புத்தகத்தில் எழுத வேண்டும். தேதிகளோ என் பெயின்ட்டுக்குக் கீழே. ஒன்றில் மட்டும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஐந்து வருடம் ஆகாத நல்ல தேதி. யோசித்துப் பார்த்து அதே தேதியை ஆறுக்கும் எழுதினேன்.

யோகண்ணன் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஆறும் ஒரே வயித்துல ஒரே நாள் பிறந்த புள்ளைகளா?"

"எல்லாம் ஒண்டாத்தான் அண்ணன் வந்திருக்கும்."

"அந்த மூலையில நிக்கிறது நான் வேலைக்கு வரக்குள்ளயே கிழவனா நிண்டது."

நான் புத்தகத்தை மூடினேன். சான்றிதழ் வைத்திருப்பவன் மெஷின் ஓட்டுகிறவருக்குப் பதில் சொல்வதா? பரிசோதிக்கிற அதிகாரியும் கடைசிவரை வரவில்லை. புத்தகம் மட்டும் அழகாக இருந்தது.

இனி றசீத் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெக்டரி மதிலுக்கு அடுத்த பக்கம் எங்கள் ஊர்ப் பாடசாலை. றசீத் சேர் அதன் அதிபர். நான் ஓ-லெவல் எழுதிய வருடம் திருகோணமலைப் பக்கமிருந்து வந்தவர். எட்டு வருடத்தில் அவர் சிரித்துக் கண்டவர் இல்லை. அவர் கேட்டுக்குள் நுழைந்தால் காகம் கூடக் கத்தாது என்பார்கள். ஊருக்கே அவரைப் பிடிக்காது. அவர் தன் ஊருக்கு இடமாற்றம் கேட்டு, அது கிடைத்தும்விட்டது என்று தெரிந்தபோது ஆசிரியர் அறையில் லட்டு பகிர்ந்தார்கள். (அவருக்கும் ஒன்று கொடுத்தார்களாம். என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை.)

எல்லோரையும்விடச் சந்தோசப்பட்டவர் என் அக்கா நஸீறா ராத்தா. அவர்தான் அங்கே பிரதி அதிபர். சேர் போனால் அதிபர் நாற்காலி அவருக்குத்தான். பிரியாவிடை விழாவில் பேச இரண்டு பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று, கவலைப்படுகிற முகத்தைப் பழகினார்.

"சோகம் தெரியுதாடா?"

"பல்லு தெரியுது ராத்தா."

விழா ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு. ராத்தா பேசுவதைக் கேட்க நானும் போக இருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஐஸ் சரியாக உறையவில்லை. மெஷினுக்கு அமோனியா கொஞ்சம் ஏற்ற வேண்டும். அந்த ஐந்து சிலிண்டரும் நிரப்பப் போயிருந்தன.

"மூலையில நிக்கிறதத் தொடாத தம்பி. நான் சாப்பிட்டு வாறன், வந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டு யோகண்ணன் போனார்.

எனக்கு அவசரம். ஆறாவதைக் கிட்ட உருட்டி வந்து வால்வைத் திருகினேன். அசையவில்லை. என் மூன்று பூச்சுப் பெயின்ட் அதை ஒட்டிப் பிடித்திருந்தது. ஸ்பானரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

உஸ்ஸ் என்றது.

சத்தம் சின்னதுதான். ஆனால் அடுத்த மூச்சில் என் மூக்கு, தொண்டை, கண் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன. வால்வின் கழுத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் யோகண்ணன். என்னைக் கண்டதும் சாரத்தை மடித்துக் கட்டி, நனைத்த துவாயை முகத்தில் சுற்றி, ஈரச் சாக்கும் தண்ணீர்க் குழாயுமாக உள்ளே போனார்.

"பள்ளிக்கூடத்துப் பக்கம் காத்து அடிக்குது! ஓடிப்போய் ஆக்கள எழும்பச் சொல்லு!" என்று உள்ளிருந்து கத்தினார்.

நானூறு பிள்ளைகள். யா அல்லாஹ், ஒன்றும் நடக்கக் கூடாது, ஒன்றும் நடக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

மண்டபத்தில் நான் கண்ட காட்சி வேறு. எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். காற்று நெடியைக் கொஞ்சமாகத்தான் கொண்டு வந்திருந்தது. கண்ணைக் கரிக்க அது போதும். சரி, மணக்கவில்லையா? மணந்தது. ஆனால் அமோனியா எதைப் போல மணக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடசாலையின் மலசலகூடம் மண்டபத்துக்குப் பின்னால்தான். இன்றைக்கு அது கொஞ்சம் கூடிவிட்டது என்று ஆசிரியர்கள் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. பிரதம அதிதியான பணிப்பாளர் மரியாதைக்காகப் பேசாமல் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்கின் முன்னால் ராத்தா, எழுதி வந்ததை வாசிக்க முடியாமல் தாரை தாரையாகக் கண்ணீர். கண்ணாடி முன் வராத சோகம் அத்தனையும் வந்திருந்தது.

றசீத் சேருக்குப் பல வருடமாகப் பீனிசம். மணம் என்ற ஒன்றே தெரியாது. அவர் தன் முன்னால் அழுகிற நானூறு பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு அவருடைய கண்ணும் கலங்கியது.

நான் மேடைக்கு ஓடி ஏறினேன். கண் சிவந்து, மூச்சு வாங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டு. அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்: "பாருங்கள், பழைய மாணவர் ஒருவர் துயரம் தாங்காமல் ஓடோடி வருகிறார்!"

'எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க சேர், போகாட்டி ஆபத்து' என்பதுதான் நான் சொல்ல வந்தது. தொண்டை அடைத்துவிட்டது. வந்தது இவ்வளவுதான்:

"சேர்... போக... போகா..."

சேர் என்னை அப்படியே இழுத்துக் கட்டிப்பிடித்தார். "அழாதே மகன். போகல்ல. நான் போகல்ல" என்றார். மைக்கைப் பிடித்து, பணிப்பாளரைப் பார்த்து, "சேர், என்னுடைய இடமாற்றத்தை வாபஸ் வாங்குகிறேன். இப்படி அன்பு வைத்த பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு மனசில்லை" என்றார். பணிப்பாளர் எழுந்து கைதட்டினார். வேறு வழியில்லாமல் முழு மண்டபமும் கைதட்டியது. ராத்தாவின் அழுகை அந்த நிமிடத்திலிருந்து அசல் அழுகை.

அதற்குள் யோகண்ணன் வால்வை இறுக்கி அடைத்திருந்தார். காற்றுச் சுத்தமானது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று மாலை நானும் யோகண்ணனும் அந்தச் சிலிண்டரின் தோளில் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினோம். தேதி தெரிந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த வருடம். பெயின்ட்டோடு சேர்ந்து இரும்பும் செதில் செதிலாக வந்தது. யோகண்ணன் விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"வால்வு மட்டும் கசிஞ்சது தம்பி. உடம்பு வெடிச்சிருந்தா?"

நான் மதிலுக்கு அந்தப் பக்கம் பாடசாலைக் கூரையைப் பார்த்தேன். பிறகு அந்தச் சிலிண்டரை முறைப்படி காலியாக்கிச் சோதனைக்கு அனுப்பினோம். ஓட்டை போட்டு ஒதுக்கிவிட்டோம் என்று பதில் வந்தது.

நான் வீட்டில் உண்மையைச் சொன்னேன். ராத்தா பேச எழுதிய இரண்டு பக்கத்தையும் நாலாகக் கிழித்தார். பிறகு, "நாளைக்கு விடிஞ்ச உடன சேர்ர ஊட்டுக்குப் போய் உள்ளதச் சொல்லு. அவரு வாபஸ் கடிதம் குடுக்க முதல்ல சொல்லு" என்றார்.

போனேன். சேரின் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்க மகன். உங்களப் பத்தித்தான் கதைச்சிட்டு இருந்தாரு. ஊரே தன்ன வெறுக்குதுண்டு எட்டு வருஷமா நினைச்சிட்டு இருந்த மனிசன். நேத்து வந்து சின்னப் புள்ள மாதிரிக் கதைக்காரு."

உள்ளே சேர், பிள்ளைகள் கொடுத்த வாழ்த்து அட்டைகளை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன விஷயம் மகன்?"

"ஒண்டுமில்ல சேர். சும்மா பாத்துட்டுப் போக வந்தன்."

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வாசலிலேயே ராத்தா நின்றார். "சொன்னியா?"

"இல்ல ராத்தா." பார்த்ததைச் சொன்னேன்.

ராத்தா கேட்டைத் திறந்துவிட்டார். "சரி. அவரு பென்சன் எடுக்க இன்னும் மூணு வருஷம்தானே" என்றார். பிறகு, "நீ என்னோட கதைக்காத" என்றார். நாற்பது நாள் உம்மா மூலமாகத்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை.

ஆனால் அந்த மூன்று வருடம் றசீத் சேர் வேறு ஆள். பிரம்பு அலுமாரிக்குள் போனது. காலையில் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸலாம் சொன்னார். தன்மேல் அன்பு வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர் அதற்கேற்ப நடந்தார்; நடக்க நடக்க அன்பும் வந்தது. பணிப்பாளரும் அன்றைய மணத்தை மறக்கவில்லை. ஆறு மாதத்தில் புது மலசலகூடம் கட்ட அனுமதி அனுப்பினார்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு உண்மையான பிரியாவிடை. நான் காலையிலேயே பெக்டரிக்குப் போய் ஒவ்வொரு வால்வையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். சேர் பேச எழுந்தார். முன்வரிசைப் பிள்ளை ஒன்று விம்மியது. பிறகு இன்னொன்று. நான் பயந்துபோய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. என் கண்ணும் நனைந்திருந்தது.

அதன் பிறகு ராத்தா அதிபரானார். நாற்காலியில் அமர்ந்து எழுதிய முதல் கடிதம் எங்கள் பெக்டரிக்கு: சிலிண்டர்கள் ஒவ்வொன்றினதும் சோதனைத் தேதியை வருடா வருடம் எழுத்தில் தரவும், பொறுப்பாளர் கையொப்பமிடவும். பொறுப்பாளர் நான்தான். ராத்தா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஆனாலும் கடிதம் தபாலில்தான் வரும்.

இந்த வருடமும் தேதிகளை ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்து எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் அது திரும்பி வந்தது. மூன்றாவது வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். பக்கத்தில், 'தேதி தெளிவில்லை. பார்த்து எழுதி மீள அனுப்பவும்.'

திரும்பவும் போய்ப் பார்த்து, பெரிய எழுத்தில் எழுதி, வேலிக்கு மேலால் நீட்டினேன். ராத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டவில்லை.

"தபால்ல போடு" என்றார்.